டேக்கல் தாண்டும் வரை

என் மனைவி ஐடா தினமும் காலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ரயிலிலிருந்து எனக்கு போன் செய்வாள். வண்டி பங்காரப்பேட்டையைத் தாண்டியதும் கூப்பிடுவாள். டேக்கல் ஸ்டேஷன் வருவதற்குள் பேச்சு அறுந்துவிடும். நான் ரிடையர் ஆகி வீட்டோடு இருக்க ஆரம்பித்ததிலிருந்து இப்படித்தான் நடந்தது. போனை மாற்றிப் பார்த்தோம், சிம்மை மாற்றிப் பார்த்தோம். டேக்கல் மாறவில்லை.

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் காலம் தொடங்கிய வாரத்தில் ஐடா மாரடைப்பில் இறந்துபோனாள். அடக்க ஆராதனையில் எல்லோரும் அவளை அமைதியானவள், பொறுமைசாலி என்று பேசினார்கள். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவளிடம் எவ்வளவோ நல்ல குணங்கள் இருந்தன, அந்த இரண்டைத் தவிர. அவளைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பெட்டிகள்தான்.

பெட்டிகளைக் கொண்டுவந்தவள் வினோலியா, ஐடாவின் தங்கை மகள். எங்கள் ஊரிலேயே, மைசூர் மைன்ஸ் சுரங்கப் பக்கம் வளர்ந்த பெண். பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். இன்னும் சில வருஷங்களில் வரப்போகிற செல்போன் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று யோசிக்கிற கூட்டம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவள், எலும்பைக் கடித்துக்கொண்டே விளக்கினாள்.

"டேக்கல் கிட்ட ஏன் கட் ஆவுது தெரியுமா பெரிப்பா? அங்க ஒரு டவர் முடியுது, இன்னொரு டவர் ஆரம்பிக்குது. ரயில்ல கீற ஆயிரம் போனும் ஒரே நேரத்துல புது டவர் கதவத் தட்டுது. கொஞ்ச பேர உள்ள வுடும், மீதிய வெளிய தள்ளிடும்."

"மாரிகுப்பத்துல நம்ம வண்டி கதவு மாதிரி," என்றாள் ஐடா.

"அதே தான் பெரிம்மா. இனிமே வரப்போற நெட்வொர்க்ல இன்னும் கஷ்டம். அந்த அலை ரொம்ப சின்னது. குறுக்க ஒரு ஆள் நின்னாலே மறைஞ்சிடும்."

"நம்ம சிரில் நின்னா?" என்றாள் ஐடா. சிரில் அவளோடு ரயிலில் போகிறவன், ஆள் குண்டு.

"சிரில் அங்கிள் நின்னா ரெண்டு டவர் மறையும்."

அவளுடைய யோசனை எனக்குப் புரிந்த அளவில் இதுதான். பழைய டவர் முழுசாகக் கைவிடும் வரை காத்திருக்காமல், விடப்போகிறது என்பதை போனே முன்கூட்டித் தெரிந்துகொண்டு, அடுத்த டவரிடம் பேசி வைத்துவிட வேண்டும். நெரிசலான ரயில் பெட்டியில், ஆட்களின் உடம்புக்கு நடுவே அலை எப்படிக் குறைகிறது என்று அதற்குப் பழக்கிவிட்டால் போதும். பழக்குவதற்கு எங்கள் ரயில்தான் வேண்டும் என்று அவளே கேட்டு வாங்கியிருந்தாள். அவ்வளவு கூட்டம் வேறு எங்கே கிடைக்கும்?

அதற்காகத்தான் பெட்டிகள். சோப்பு டப்பா அளவு. ஓரத்தில் பச்சை விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டே இருக்கும். மேலே கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் 'ஆராய்ச்சிக் கருவி, தொடாதீர்கள்' என்று மஞ்சள் ஸ்டிக்கர். ஐடாவோடு ஒரே ரயில் பெட்டியில் போகும் எட்டுப் பேரை வினோலியா எங்கள் வீட்டுக்கு வரச்சொல்லி ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். ஐடாவுக்கும் ஒன்று.

"சட்டைப் பாக்கெட்டுலயோ ஹேண்ட்பேக்லயோ வெச்சிக்கினு வழக்கம் போல போய்ட்டு வாங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம். ரயில் ஓடும்போது அதுவே அளந்து எங்க லேபுக்கு அனுப்பிடும்."

"இதனால உனக்கு இன்னாம்மா ஆவும்?" என்று சிரில் கேட்டான். சிரில் பெங்களூரில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்ப்பவன். ஐடாவை அக்கா என்று கூப்பிட்டு, அக்காவிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்பவன்.

"கடைசியில ஒரு ரிவ்யூ இருக்குது அங்கிள். பெரிய பேராசிரியருங்க எல்லாம் லேப்ல உக்காந்துக்கினு, ஓடற ரயில்லருந்து ஒரு கால் பேசச் சொல்லிக் கேப்பாங்க. டேக்கல்ல அறுந்துடுச்சின்னா திட்டத்த மூடிடுவாங்க. நான் மூணு வருஷம் செஞ்சது போச்சு. புது தலைப்பு எடுத்து மொதல்லருந்து ஆரம்பிக்கணும்."

"அறுவாதும்மா. நாங்க இருக்கறோம்," என்றான் சிரில்.

எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் முதல் வழக்கம் போலவே போனார்கள். சிக்கலே அந்த வழக்கத்தில்தான் இருந்தது.

எங்கள் வண்டியில் இடம் பிடிப்பது எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். வண்டி புறப்படுவது மாரிகுப்பத்தில். ஐடா அங்கே ஏறுவாள். சிரில் அடுத்த ஸ்டேஷன் சாம்பியனில் ஏறுவான். மற்றவர்கள் அதற்கடுத்த ஸ்டேஷன்களில் ஏறுவார்கள். அவர்கள் ஏறும்போது உட்கார இடம் இருக்காது. ஆகவே முதலில் ஏறுபவர் மற்றவர்களுக்கும் சேர்த்து சீட் போட்டு வைக்க வேண்டும். கர்சீப், டிபன் பை, பேப்பர், எது கையில் இருக்கிறதோ அது. ஆனால் கர்சீப்புக்கு முன்பிருந்த மரியாதை இப்போது இல்லை. புதிதாக வருகிறவர்கள் அதை எடுத்து மடித்து ஐடா கையிலேயே கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். தினமும் சண்டை.

முதல் நாள் மாலை சிரில் தன் பெட்டியை ஐடாவின் பையில் போட்டுவிட்டு மறந்து இறங்கிவிட்டான். மறுநாள் காலை ஐடா அதை அவனுடைய சீட்டில் வைத்தாள். ஓர் ஆள் உட்கார வந்தார். விளக்கைப் பார்த்தார். ஸ்டிக்கரைப் படித்தார். இரண்டடி பின்னால் போய், அடுத்த கம்பார்ட்மெண்டுக்கே போய்விட்டார்.

அந்த வாரம் முடிவதற்குள் மற்ற எட்டுப் பெட்டியும் ஐடாவிடம் வந்து சேர்ந்தன. மாலையில் இறங்கும்போது ஆளுக்கு ஆள் அவள் கையில் கொடுத்துவிட்டு இறங்குவார்கள். நான் எல்லாவற்றையும் தையல் மிஷின் மேல் வரிசையாக வைத்து சார்ஜ் போடுவேன். காலையில் அவள் அள்ளிக்கொண்டு போவாள். எட்டு சீட். யாரும் தொடுவதில்லை. உட்கார்ந்த பிறகும் பெட்டியை ஜன்னல் கம்பியில் மாட்டி வைத்தார்கள். அப்படி மாட்டினால் கழிப்பறைக்குப் போய்விட்டு வரும்வரை சீட் பத்திரம். ஐடா ஆராய்ச்சியை மிகவும் புகழ்ந்து பேசத் தொடங்கினாள்.

"நம்ம நாட்டுல இத முன்னாடியே செஞ்சிருக்கணும்ங்க," என்றாள்.

சில மாதங்கள் கழித்து வினோலியா ஒத்திகை பார்த்தாள். அளந்ததை வைத்துக் கணக்கெல்லாம் முடித்து, வழியில் இரண்டு டவர்களில் அவளுடைய குழு தன் கருவியையும் பொருத்தியிருந்தது. அவளோடு படிக்கிற ஒருவன் நெரிசலில் நின்றுகொண்டு ரயிலிலிருந்து பேசினான். டேக்கலில் அறுந்தது. மறுநாள் பேசினான். அதே இடத்தில் அறுந்தது.

"எங்க தப்புன்னே தெரியல பெரிப்பா," என்று எனக்கு போன் செய்தாள். குரல் இறங்கியிருந்தது. "கணக்கு சரியா இருக்குது. எனக்கு வந்த டேட்டா அவ்ளோ சுத்தம். எங்க சாரே இவ்ளோ சுத்தமான டேட்டா பாத்ததில்லன்னாரு."

பெட்டி எங்கே வைக்கப்படுகிறது என்பதற்கும் கணக்குக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை. எல்லாம் நல்லபடி நடக்கும் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமை கண் பரிசோதனைக்காக நானும் ஐடாவோடு பெங்களூர் போனேன். மாரிகுப்பத்தில் வண்டி நிற்பதற்கு முன்பே ஐடா ஏறிவிட்டாள். முழங்கால் வலிக்கிறது என்று முந்தின நாள் சர்ச்சில் முட்டிபோட மறுத்தவள். நான் ஏறிப் போவதற்குள் எட்டுப் பெட்டிகளையும் எட்டு சீட்டில் வைத்துவிட்டு, நடுவில் உட்கார்ந்து ஜெபப் புத்தகத்தைத் திறந்திருந்தாள். பச்சை விளக்குகள் சுற்றிலும் மினுக்கின.

முகத்தில் மாஸ்க்கும் தலையில் துப்பட்டாவுமாக ஒரு பெண் வந்து எதிர் சீட்டருகே நின்றாள். ஐடா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அங்க ஆள் வராங்கம்மா. பெட்டியத் தொடாத. கவர்மெண்ட் ஆராய்ச்சி நடக்குது."

அந்தப் பெண் மாஸ்க்கை இறக்கினாள். "பெரிம்மா," என்றாள்.

வண்டி நகர்ந்தது. சாம்பியனில் சிரில் ஏறினான். வினோலியாவைப் பார்க்காமல், தன் சீட்டிலிருந்த பெட்டியை எடுத்து, ஜன்னல் கம்பியில் மாட்டி, சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டே உட்கார்ந்தான்.

"பாக்கெட்ல வெக்கச் சொன்னேனே அங்கிள்."

சிரில் திடுக்கிட்டுத் திரும்பினான். கொஞ்சம் யோசித்து, நியாயமான ஒரு பதிலைச் சொன்னான். "பாக்கெட்ல வெச்சா லைட்டு தெரியாதேம்மா."

வினோலியா கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளென்று பயந்து ஐடா எழுந்தாள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்புக்கு நடுவே கண்ணில் தண்ணீரும் வந்தது.

"அதான் அவ்ளோ சுத்தம். ஆளே இல்லாத ரயில அளந்திருக்கறேன் பெரிம்மா. ஜன்னலுக்குத் தெரியற டவர என் போனுக்குக் கத்துக் குடுத்திருக்கறேன். கூட்டத்துல நிக்கிறவனுக்கு அது எப்டி வேலை செய்யும்?"

"இப்ப இன்னாடி செய்றது?"

"ரிவ்யூ வரப்போவுது. நடுவுல ஒரே ஒரு வாரம் கீது. அந்த ஒரு வாரமாவது நெஜமா அளந்தா பழைய கணக்கத் திருத்திடலாம். இல்லன்னா போய் சார் கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டு மூட்ட கட்ட வேண்டியதுதான்."

எட்டுப் பேரில் ஒருத்தியான லதா கோரமண்டலில் ஏறினாள். கடைசி ஆள் பெமல் நகரில் ஏறினார். எட்டுப் பேரும் சேர்ந்ததும் ஐடா எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னாள்.

"நாளையிலருந்து ஒரு வாரம் யாரும் யாருக்கும் எடம் போடக் கூடாது. பெட்டி அவங்கவங்க உடம்போட இருக்கணும். எடம் கெடச்சா உக்காரு, கெடைக்கலன்னா நில்லு."

"அக்கா, நான் பெங்களூரு வரைக்கும் நின்னு எத்தினி வருஷம் ஆவுது. என் இடுப்பு தாங்காது," என்றான் சிரில்.

"உன் இடுப்பு இந்தப் பொண்ணு படிப்ப வுட பெருசா?"

"சுத்தளவுல பெருசுதான் அக்கா."

லதா கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அது ஆறாவது மாதம். ஐடா அவளைப் பார்த்தாள். "உனக்கு என் சீட்டு. நான் உக்காந்து வந்து நீ ஏறும்போது எழுந்துக்கறேன். அது எடம் போடறதுல சேராது. இன்னாடி வினோலியா, சேருமா?"

"சேராது பெரிம்மா," என்றாள் வினோலியா.

அந்த வாரம் எங்கள் வீட்டுத் தையல் மிஷின் காலியாகக் கிடந்தது. பெட்டிகளை அவரவர் வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டார்கள். ரயிலில் நடந்ததை மாலையில் ஐடா சொல்லித் தெரிந்துகொண்டேன். முதல் நாளே ஒரு காலேஜ் கோஷ்டி வந்து சிரிலின் வரிசையை நிரப்பிவிட்டது. சிரில் பங்காரப்பேட்டை வரை அவர்களை முறைத்துக்கொண்டே நின்றான். மாலூருக்குள் அவர்களோடு சீட்டாடிக்கொண்டிருந்தான். நின்றபடியே தோற்றான். பெமல் நகர்க்காரர் கதவோரம் நின்றதில் காற்றுப்பட்டுச் சளி பிடித்து, இது ஆராய்ச்சிக்காகப் பிடித்த சளி என்று ஆபீசில் சொல்லி ஒரு நாள் லீவு வாங்கினார்.

ஐடாவின் கால் வீங்கிவிட்டது. கோரமண்டலிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட் வரை நின்றுவிட்டு, அதன்பின் தையல் கம்பெனியில் சூப்பர்வைசராக நாள் முழுவதும் நிற்க வேண்டும். உப்பு போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் எனக்குக் கோபம்தான் வந்தது.

"வேற யாராவது எழுந்து குடுக்கக் கூடாதா? உனக்கு இன்னா வயசு ஆவுது?"

"நிக்கிறவங்க டேட்டாவும் வேணும் இல்ல?"

"கேட்டாளா அவ?"

"கேக்கல. வேணுமா இல்லியா, அத்தச் சொல்லுங்க."

இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினேன்.

ரிவ்யூ நாளன்று ரயிலிலிருந்து பேச வேண்டியவள் ஐடாதான் என்று வினோலியா முடிவு செய்திருந்தாள். கூட்டத்துக்கு நடுவே நிற்க வேண்டும், பெட்டி ஹேண்ட்பேக்கில் இருக்க வேண்டும், அதன் வழியாகத்தான் கால் போகும். மறுமுனையில் ஆண்டர்சன்பேட்டை வீட்டில் நான். லேபில் வினோலியாவும் அவளுடைய சாரும், சோதிக்க வந்த ஐந்தாறு பேராசிரியர்களும் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

"சாதாரணமா பேசுங்க பெரிப்பா. ஆனா ரொம்ப நேரம் சும்மா இருக்கக் கூடாது. சத்தம் இல்லன்னா அறுந்துடுச்சின்னு நெனச்சிக்குவாங்க. மாலூர் வரைக்கும் பேசணும்."

போன் வந்தது. எடுத்தேன்.

"பங்காரப்பேட்ட தாண்டியாச்சுங்க," என்றாள் ஐடா.

"சரி."

"மாத்திர போட்டீங்களா?"

"போட்டேன்."

"நனஞ்ச துண்டக் கட்டில்மேல போட்டுட்டீங்களா?"

"இப்ப அது எதுக்கு?"

"சாதாரணமா பேசச் சொன்னாளே. இதான் சாதாரணம்."

போனில் தூரத்தில் யாரோ இருமுவது கேட்டது. அது பேராசிரியராகத்தான் இருக்க வேண்டும். நான் துண்டை எடுத்துக் கொடியில் போட்டேன். போட்டுவிட்டேன் என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு கரண்ட் பில், அவள் அக்கா மகனுக்குப் பெண் பார்ப்பது, எதிர்வீட்டு நாய் எல்லாம் பேசினோம். வழக்கமாக எங்கள் பேச்சு அவ்வளவுதான். அதற்குள் டேக்கல் வந்துவிடும்.

"டேக்கல் வருதுங்க," என்றாள் ஐடா. "மல தெரியுது."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ஐடாவைச் சுற்றியிருந்த கூட்டத்தின் இரைச்சல் மட்டும் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றுவிடும், இதோ நின்றுவிடும் என்று காத்திருந்தேன்.

"கேக்குதாங்க?"

"கேக்குது."

"இன்னும் கேக்குதா?"

"கேக்குது ஐடா."

"ஸ்டேஷன் போயிடுச்சுங்க. டேக்கல் பின்னால போயிடுச்சு."

சிரில் யாரிடமோ "தாண்டிட்டாங்க" என்று சொன்னது கேட்டது. அந்த ரயில் பெட்டியிலிருந்தவர்கள் பாதிப்பேர் ஏன் என்று தெரியாமலேயே கைதட்டினார்கள்.

மாலூருக்கு இன்னும் தூரம் இருந்தது. எங்களுக்குப் பேச ஒன்றுமில்லை. ஏழு வருஷமாக இந்த இடத்தில் நாங்கள் பேசியதே கிடையாது. பேசாமலிருந்தால் வினோலியாவின் மூன்று வருஷம் போய்விடும்.

"இன்னா பேசறது?" என்றாள் ஐடா.

"எதையாவது சொல்லு. எங்கிட்ட சொல்லணும்னு இருந்தது ஏதாவது."

"ஒண்ணு இருக்குதுங்க. தெனமும் சொல்லலாம்னு வருவேன், டேக்கல் வந்துடும்."

"சொல்லு."

"நீங்க போடற காப்பி நல்லாவே இல்ல."

ஒலிபெருக்கியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மொத்தமாகச் சிரித்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. ரிடையர் ஆன மறுநாளிலிருந்து விடியற்காலையில் எழுந்து அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்புகிறவன் நான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

"ஏழு வருஷமா குடிச்சியே?"

"ஆச ஆசயா குடுத்தீங்க. மொகத்துல அடிச்ச மாதிரி எப்டி சொல்றது?"

"இப்ப சொல்றியே, ஊரே கேக்குது."

"இப்ப வேற வழியில்லயே. பேசியாவணும்."

பிறகு மாலூர் வரை காப்பியைப் பற்றியே பேசினோம். டிகாஷன் எப்போது இறக்க வேண்டும், பாலை ஏன் அவ்வளவு நேரம் காய்ச்சக் கூடாது என்று அவள் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொன்றுக்கும் எதிர்வாதம் செய்தேன். லேபில் ஒரு பேராசிரியர் கன்னடத்தில் என் பக்கம் பேசியதாகப் பின்னால் தெரிந்தது. ஒரு இடத்தில்கூடச் சத்தம் விட்டுவிட்டு வரவில்லை.

"மாலூர் வந்தாச்சு. போதும் பெரிம்மா, வெச்சிடுங்க," என்றாள் வினோலியா.

"நீங்க வைங்க," என்றாள் ஐடா என்னிடம்.

"நீ வை."

எங்கள் இருவருக்கும் அந்த போனை வைத்துப் பழக்கமில்லை. இத்தனை வருஷமும் டேக்கல்தான் வைத்தது. இரண்டு பேரும் பிடித்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் சிரில் அவளிடமிருந்து போனை வாங்கினான். "அண்ணே, எல்லாரும் வேலைக்குப் போவணும்," என்று சொல்லி வைத்தான்.

திட்டத்துக்கு மேலும் இரண்டு வருஷம் கொடுத்தார்கள். முதலில் பாழான டேட்டாவையும் வினோலியா ஒளிக்காமல் காட்டினாளாம். பெட்டி எதற்குப் பயன்பட்டது என்று தெரிந்ததும் தலைமைப் பேராசிரியர் அந்த ரயிலில் ஒரு நாள் தானும் வரவேண்டும் என்றாராம். இப்போது அவள் டாக்டர் வினோலியா. அவள் கண்டுபிடித்தது எல்லோருடைய போனுக்கும் வந்துசேர இன்னும் சில வருஷம் பிடிக்கும் என்கிறாள்.

ரிவ்யூ முடிந்த அன்றே பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் ஐடா பழையபடி கர்சீப்போடு போனாள். பங்காரப்பேட்டை தாண்டியதும் கூப்பிட்டாள். கரண்ட் பில் கட்டியாயிற்றா என்று கேட்டாள். மாத்திரை கேட்டாள். அப்புறம், "சாயங்காலத்துக்கு மீன் வாங்கி," என்றாள். டேக்கல் வந்துவிட்டது.

வாங்கி வைக்கச் சொன்னாளா, வாங்கி வருகிறேன் என்றாளா என்று தெரியவில்லை. ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கிலோ வாங்கி வைத்தேன். அவளும் ஒரு கிலோ வாங்கி வந்தாள். அன்று சிரில் வீட்டிலும் மீன் குழம்பு.